ஃபிக்கார்: ஒரு போர்ச்சுகீசிய வினையின் பொருள், வேர், புழக்கம்

கேள்வி இதுதான்: "போர்ச்சுகீசியம் கற்கிறேன். 'ஃபிக்கார்' என்று ஒரு வினை எங்கே திரும்பினாலும் வருகிறது. அகராதியில் பார்த்தால் தங்கு, ஆகு, அமைந்திரு, வைத்துக்கொள், மிஞ்சு, பொருந்து என்று போய்க்கொண்டே இருக்கிறது. 'இரு' என்பதற்கு ஏற்கெனவே 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள் இருக்கும்போது மூன்றாவதாக இது எதற்கு? இது எங்கிருந்து வந்தது? பிரேசிலில் இதற்கு வேறு அர்த்தம் என்கிறார்களே, உண்மையா?"

அகராதி தரும் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். அந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை. ஒன்று நடந்து முடிந்த பிறகு எது அப்படியே நிலைக்கிறதோ, அதைச் சொல்லும் வினை ஃபிக்கார். போனவர்கள் போக நின்றவர், மாறியபின் வந்து சேர்ந்த நிலை, கொடுத்தது போகக் கையில் மிஞ்சியது, செய்யாமல் கிடப்பில் போனது என எல்லாம் இதற்குள் அடங்கும்.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். 'ஃபிகார்' என்று எழுதினால் தமிழில் நடு எழுத்து மெலிந்துவிடும் என்பதற்காக 'க்க' போட்டிருக்கிறேன். சொல்லும்போது அழுத்தி இரட்டிக்க வேண்டாம். பிரேசில்காரர்களின் பேச்சில் கடைசி 'ர்' பெரும்பாலும் காணாமல் போகும். நிகழ்காலத்தில் நான் என்றால் 'ஃபீக்கு', அவன், அவள், அது என்றால் 'ஃபீக்கா'. இறந்தகாலத்தில் நான் 'ஃபிக்கெய்', அவர் 'ஃபிக்கோ'. ஏவலாக மரியாதையுடன் சொன்னால் 'ஃபீக்கி'. ஒழுங்கான வினைதான், விதிவிலக்கு ஒன்றும் கிடையாது. எகர ஒலிக்கு முன்னால் எழுத்துக்கூட்டல் மட்டும் மாறும், ஒலி மாறாது.

இனி வேர். லத்தீனில் 'ஃபீகெரெ' என்று ஒரு வினை உண்டு. குத்திப் பதித்தல், ஆணி அறைதல், ஊன்றுதல் என்று பொருள். சிலுவையில் அறைந்த உருவத்தைப் போர்ச்சுகீசியத்தில் 'க்ருசிஃபிக்ஸு' என்பார்கள். அதில் பின்பாதி இந்த வேர்தான். மக்கள் பேசிய லத்தீனில் இந்த வினை 'ஃபிகிகாரெ' என்று நீண்டிருக்க வேண்டும் என்பது மொழியியலாளர்களின் மீட்டுருவாக்கம். அந்த வடிவம் எழுத்தில் கிடைக்கவில்லை. பிள்ளைகளை வைத்துப் பெற்றோரை ஊகித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் ஊகம் சரி என்று புரியும். இத்தாலியத்தில் 'ஃபிக்காரெ' என்றால் உள்ளே திணித்தல், குத்திச் செருகுதல். பிரெஞ்சில் 'ஃபிஷே' என்றால் முளையை அறைந்து இறக்குதல். கத்தலானில் 'ஃபிகார்' என்று போர்ச்சுகீசிய எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்கிறது, ஆனால் பொருள் 'உள்ளே போடு, வை'. பார்சிலோனாவில் ஒருவர் இந்தச் சொல்லைச் சொன்னால் பொருளை எங்கேயோ வைக்கிறார். லிஸ்பனில் சொன்னால் அவரே எங்கேயோ இருக்கிறார்.

ஸ்பானியம்தான் எனக்குப் பிடித்த சாட்சி. அங்கே சொல்லின் முதலில் நின்ற பழைய 'ஃப' ஒலி பல இடங்களில் தேய்ந்து மறைந்துவிட்டது. போர்ச்சுகீசியத்தில் மாவு 'ஃபரீஞா', ஸ்பானியத்தில் 'அரீனா'. மகன் இங்கே 'ஃபில்யு', அங்கே 'இஹோ'. அதே வழியில் 'ஃபின்கார்' என்ற பழைய வினை 'இன்கார்' ஆயிற்று. இன்றைய பொருள் ஊன்றுதல், முழங்காலை மண்ணில் ஊன்றி மண்டியிடுதல். ஆனால் பழைய ஸ்பானியத்தில் அதே 'ஃபின்கார்' தங்குதல், எஞ்சி இருத்தல் என்ற பொருளிலும் வழங்கியது. பிற்காலத்தில் அந்த வேலையை 'கெதார்' எடுத்துக்கொண்டது. அது லத்தீனில் அமைதியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பழைய வினையின் நினைவாக ஸ்பானியத்தில் 'ஃபின்கா' மிச்சமிருக்கிறது: நிலபுலம், பண்ணை. போர்ச்சுகீசியத்திலும் 'ஃபின்கார்' தனியாக உயிரோடு இருக்கிறது, கம்பத்தை நடுவதற்கு. ஆக, ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டில் ஒன்று ஊன்றும் வேலையைப் பார்க்கிறது, இன்னொன்று தங்கும் வேலையைப் பார்க்கிறது.

ஊன்றுதல் எப்படித் தங்குதல் ஆயிற்று? தமிழர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. "அவன் அந்த ஊரில் காலூன்றிவிட்டான்" என்கிறோம். ஊன்றியது கால், தங்கியது ஆள். பொருளை ஊன்றினான் என்பது தன்னை ஊன்றிக்கொண்டான் என்று ஆகி, பிறகு தங்கினான் என்று வந்து நின்றது. ஓர் இடத்தில் தங்குவதைச் சொன்ன வினை ஒரு நிலையில் தங்குவதற்கும் போதுமானதாயிற்று: சோகத்தில் தங்கினான், அதாவது சோகமானான். 'ஆகு' என்ற பொருள் இந்த வழியில்தான் வந்தது.

இப்போது உங்கள் முக்கியமான சந்தேகத்துக்கு வரலாம். 'செர்', 'எஸ்தார்' இருக்க ஃபிக்கார் எதற்கு?

பெருமாள் கோயில்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று சொல்கிறோமே, அங்கே 'இருந்த' என்றால் உட்கார்ந்த. நமது 'இரு' என்ற வினைக்கு உட்கார்தல் என்ற பொருளும் பழையது. போர்ச்சுகீசியத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. 'எஸ்தார்' லத்தீனின் 'ஸ்தாரெ', பொருள் நிற்றல். 'செர்' இரண்டு வினைகள் கலந்தது: ஒன்று லத்தீனின் 'எஸ்ஸெ', அதாவது இருத்தல், இன்னொன்று 'செதேரெ', அதாவது உட்கார்தல். 'செர்' என்ற வடிவமே உட்கார்தலிலிருந்து வந்ததுதான். மூன்றாவதாக வந்த ஃபிக்கார் ஊன்றியது. உட்கார்ந்தது நிரந்தரத் தன்மையைச் சொல்கிறது, நின்றது அப்போதைய நிலையைச் சொல்கிறது, ஊன்றியது நடந்ததன் விளைவாக வந்து நிலைத்ததைச் சொல்கிறது.

ஒரே ஜன்னலை வைத்துப் பார்ப்போம். போர்ச்சுகீசியத்தில் ஜன்னல் 'ஜனெலா'. நம் சொல்லே அங்கிருந்து வந்ததுதான். "ஆ ஜனெலா ஃபோய் அபெர்த்தா" என்றால் ஜன்னல் திறக்கப்பட்டது. யாரோ திறந்தார்கள், அந்தச் செயல்தான் செய்தி. இங்கே 'ஃபோய்' என்பது செர் வினையின் இறந்தகாலம். "ஆ ஜனெலா எஸ்தா அபெர்த்தா" என்றால் ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது. எப்படித் திறந்தது என்ற பேச்சே இல்லை. "ஆ ஜனெலா ஃபிக்கோ அபெர்த்தா" என்றால் ஜன்னல் திறந்தபடியே கிடந்துவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் கிளம்பிப் போயாயிற்று, மழை வந்தது, திரும்பி வந்து பார்த்தால் தரையெல்லாம் ஈரம். மூடியிருக்க வேண்டியது மூடப்படாமல் நின்றுவிட்டது என்ற முழுக் கதையும் அந்த 'ஃபிக்கோ'வில் இருக்கிறது. தமிழில் இதற்கு 'விடு' என்ற துணைவினையைக் கூப்பிடுகிறோம்: கிடந்துவிட்டது, இருந்துவிட்டேன், ஆகிவிட்டது. நீங்கள் தமிழில் நினைக்கும் வாக்கியத்தில் 'இருந்துவிடு' அல்லது 'ஆகிவிடு' வருகிறது என்றால், போர்ச்சுகீசியத்தில் ஃபிக்காரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

இடம் சொல்வதற்கு வருவோம். "ஓந்தி ஃபீக்கா உ பாங்க்கு?" என்றால் வங்கி எங்கே இருக்கிறது? லிஸ்பன் தேஜு ஆற்றின் கரையில் இருக்கிறது என்பதற்கும் ஃபீக்கா. ஊர், கட்டடம், தெரு, மலை என அசையாதவை எல்லாம் இதில் வரும், ஊன்றியவைதானே. பேச்சில் இந்த இடத்தில் செர் வினையையும் போடுவார்கள், தவறில்லை. ஆனால் சாவியைத் தேடும்போது ஃபிக்கார் சரிப்படாது. சாவி இன்று மேசையில், நாளை பையில். அதற்கு எஸ்தார்: "ஓந்தி எஸ்தா ஆ ஷாவி?" (இந்த 'ஷாவி'யும் நம் வீட்டுச் சாவிதான்.) ஆளைத் தேடும்போதும் எஸ்தார்தான். ஆளுக்கு ஃபிக்கார் போட்டுக் கேட்டால், எங்கே தங்குவார் என்று கேட்பதாகிவிடும். யாழ்ப்பாணத் தமிழில் "அவர் எங்க நிக்கிறார்?" என்று ஆளுக்கு 'நில்' போட்டுக் கேட்பது நினைவுக்கு வருகிறது. எஸ்தாரின் வேரும் அதே நிற்றல்.

மாற்றத்தைச் சொல்லும் ஃபிக்கார்தான் தினசரிப் பேச்சில் அதிகம் அடிபடுவது. "ஃபிக்கெய் தொஎந்தி", எனக்கு உடம்பு முடியாமல் போயிற்று. "ஃபிக்கெய் த்ரீஸ்தி", வருத்தமாகிவிட்டது. பணக்காரர் ஆவது, கண் தெரியாமல் போவது, கர்ப்பமாவது, வயதாவது, கணவனையோ மனைவியையோ இழப்பது, இருட்டிவிடுவது, நேரமாகிவிடுவது எல்லாம் ஃபிக்கார். பசி, பயம், தூக்கம் போன்றவற்றுக்கு 'கோம்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். 'உடன்' என்று பொருள். "எஸ்தோ கோம் ஃபோமி" என்றால் பசிக்கிறது. "ஃபிக்கெய் கோம் ஃபோமி" என்றால் பசி எடுத்துவிட்டது. 'பசிக்கிறது', 'பசி எடுத்தது' இரண்டுக்கும் நடுவே தமிழ்க் காது எப்படி வித்தியாசம் கேட்கிறதோ அதே வித்தியாசம்.

ஆனால் எல்லா 'ஆனான்'களும் ஃபிக்கார் ஆகாது. அவள் மருத்துவர் ஆனாள் என்பதற்கு ஃபிக்கார் போட்டால் காதுக்கு ஒட்டாது. அதற்கு 'தொர்நார்-சி', பிரேசில் பேச்சில் 'விரார்'. தொழிலோ பதவியோ கிடைப்பதும், ஒரு பொருள் இன்னொரு பொருளாகவே உருமாறுவதும் இந்த இரண்டின் எல்லை. வயது சொல்வதற்கும் ஃபிக்கார் வராது. முப்பது வயது ஆயிற்று என்பதை அவர்கள் "முப்பது ஆண்டு செய்தார்" என்பார்கள். நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் தமிழில் 'ஆகு' என்ற ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கிறது.

அடுத்து, இந்த வினையோடு ஒட்டிவரும் சின்னச் சொற்கள். ஒவ்வொன்றும் பொருளை ஒரு பக்கம் திருப்பிவிடும்.

'கோம்' சேர்ந்தால் வைத்துக்கொள்வது. கடையில் பணம் கொடுத்துவிட்டு "ஃபீக்கி கோம் உ த்ரோக்கு" என்றால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டி 'ஃபீக்கு கோம் எஸ்தி' என்றால், இதையே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு எதிர்ப்பக்கம் 'செங்', அதாவது 'இல்லாமல்'. காசில்லாமல் போயிற்று, கரண்ட் போயிற்று, சார்ஜ் தீர்ந்துவிட்டது என எதை இழந்து நின்றாலும் "ஃபிக்கெய் செங்" என்று தொடங்கிச் சொல்லிவிடலாம். 'பாரா' சேர்ந்தால் தள்ளிப்போவது: "ஃபீக்கா பாரா அமஞ்ஞா" என்றால் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். 'போர்' சேர்ந்து பின்னால் ஒரு வினை வந்தால், செய்யாமல் கிடப்பது: கட்ட வேண்டிய பாக்கி கட்டாமல் நின்றது, சொல்ல வேண்டியது சொல்லாமல் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது 'தி' சேர்வது. "எலி ஃபிக்கோ தி லிகார்" என்றால் அவர் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். வாக்குக் கொடுத்தார் என்று சொல்ல வேறு வினை இருக்கிறது, அது கனமானது. இது லேசான ஒப்புதல். பேச்சோடு பேச்சாக ஒத்துக்கொண்டு அந்த நிலையில் விட்டது. லிஸ்பனில் ஒரு வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று வையுங்கள். "குழாய்க்காரர் இன்று வருவதாக ஃபிக்கோ தி" என்று வீட்டுக்காரர் சொன்னால், அவர் இன்னும் வரவில்லை என்பதும், காத்திருந்து அலுத்துவிட்டது என்பதும் அதிலேயே தெரியும். "வர்றதாச் சொன்னார்" என்று நாம் இழுக்கும் இழுப்பு அப்படியே அங்கே இருக்கிறது. இந்தப் பயன்பாட்டைச் சரியாகப் போட்டால் கேட்பவர் முகம் மலரும், பாடப்புத்தகப் போர்ச்சுகீசியத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பின்னால் இன்னொரு வினையைச் சேர்த்தால் ஒரு செயலில் ஊன்றிப்போவது. பார்த்துக்கொண்டே நின்றான் என்பதைப் பிரேசிலில் "ஃபிக்கோ ஒல்யாந்து" என்பார்கள், போர்ச்சுகலில் "ஃபிக்கோ ஆ ஒல்யார்". இந்த இரண்டு நாட்டு வேறுபாடு இந்த வினைக்கு மட்டும் உரியது அல்ல, எல்லாத் தொடர்வினைக்கும் உண்டு. அறிதலைச் சொல்லும் வினையோடு சேர்ந்தால் 'தெரியவந்தது'. இதைச் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள், செய்தி வாசிக்கும்போதும் ஊர்க்கதை கேட்கும்போதும் வந்துகொண்டே இருக்கும்.

உடை பொருந்துவதற்கும் ஃபிக்கார்தான்: இந்த நிறம் உனக்கு நன்றாக இருக்கிறது. ஒரு செயல் நன்றாக இருக்காது, நாலுபேர் முன்னால் அழகல்ல என்பதற்கும் அதே. விலை கேட்கும்போது "குவாந்து ஃபீக்கா?" என்றால் மொத்தம் எவ்வளவு ஆச்சு? விடைபெறும்போது கிளம்புகிறவர் இருப்பவரைப் பார்த்து "ஃபீக்கி கோம் தேவுஸ்" என்பார், கடவுள் துணையோடு இருங்கள். இருப்பவர் கிளம்புகிறவரைப் பார்த்துச் சொல்வதில் 'இரு' போய் 'போ' வந்துவிடும்.

2020-இல் கொரோனா பரவியபோது பிரேசில், போர்ச்சுகல் இரண்டிலும் எல்லா இடத்திலும் கேட்டது "ஃபீக்கி எங் காஸா", வீட்டிலேயே இருங்கள். வேறு எந்த வினையும் அங்கே பொருந்தியிருக்காது. வெளியே போகக்கூடிய ஆள் போகாமல் இருப்பதைச் சொல்ல ஃபிக்கார்தான் வேண்டும்.

போகக்கூடிய ஆள் போகாமல் இருந்ததால் ஒரு நாட்டின் வரலாறே திரும்பியதும் உண்டு. பிரேசிலில் ஜனவரி 9-ஆம் தேதிக்கு 'டீயா து ஃபீக்கு' என்று பெயர். 'இருக்கிறேன்' என்ற ஒற்றைச் சொல்லின் நாள்.

நடந்தது இது. 1807 இறுதியில் நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கியபோது போர்ச்சுகீசிய அரச குடும்பம் கப்பலேறி பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தது. பேரரசின் தலைநகரமே ரியோ டி ஜெனிரோ ஆயிற்று. 1820-இல் போர்ட்டோவில் புரட்சி வெடித்தது. மன்னர் திரும்பி வர வேண்டும் என்று நெருக்கினார்கள். ஆறாம் ஜொவாவ் மன்னர் 1821-இல் லிஸ்பன் திரும்பினார். மகன் பெத்ருவை ரியோவில் ஆட்சிப் பொறுப்பில் விட்டுப்போனார். லிஸ்பன் நாடாளுமன்றம் அதோடு நிற்கவில்லை. பிரேசிலை மறுபடி சாதாரணக் காலனி நிலைக்கு இறக்கும் வேலையில் இறங்கி, இளவரசரும் ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1821 டிசம்பரில் அந்த உத்தரவு ரியோவை எட்டியது. இளவரசர் போகக் கூடாது என்று நகரம் கையெழுத்துத் திரட்டியது. சுமார் 8,000 கையெழுத்துகளோடு அந்த மனுவை 1822 ஜனவரி 9 அன்று நகரசபைத் தலைவர் ஜொசே கிளெமெந்தி பெரெய்ரா அரண்மனையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்போது பெத்ருவுக்கு வயது 23.

அவர் தந்த பதிலாகப் பிரேசில் பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் படிப்பது இது: எல்லோருடைய நன்மைக்காகவும் நாட்டின் பொது மகிழ்ச்சிக்காகவும் என்பதால் நான் தயார்; 'டீகா ஆவ் போவு கி ஃபீக்கு', நான் இருக்கிறேன் என்று மக்களிடம் சொல்லுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விவரம் உண்டு. நகரசபை முதலில் வெளியிட்ட அறிவிப்பில் இந்த வாக்கியம் இல்லை. அதில் இளவரசர், நாடாளுமன்றமும் தந்தையும் முடிவுசெய்யும் வரை என் புறப்பாட்டைத் தாமதப்படுத்துகிறேன் என்ற பொருள்படச் சொன்னதாக இருந்தது. அடுத்த நாள் திருத்திய அறிவிப்பு வந்தது, அதில்தான் 'ஃபீக்கு'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'புறப்பாட்டைத் தாமதப்படுத்துகிறேன்' என்பவர் இன்னும் புறப்படப்போகிறவர்தான், பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. 'ஃபீக்கு' என்பவர் காலை ஊன்றிவிட்டார். எழுவாய் கூட வேண்டாம், வினையின் கடைசி உயிரே 'நான்' என்று சொல்லிவிடுகிறது, நம் 'இருக்கிறேன்' போலவே. அந்தச் சொல்லுக்குப் பின் லிஸ்பனோடு சமரசத்துக்கு இடம் சுருங்கிவிட்டது. போர்ச்சுகீசியப் படைப்பிரிவு ஒன்று எதிர்த்துக் கிளம்பி, அடுத்த மாதமே நாட்டைவிட்டு அனுப்பப்பட்டது. செப்டம்பர் 7 அன்று பெத்ரு விடுதலையை அறிவித்தார். பிறகு அவரே 1831-இல் முடி துறந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். ஐந்து வயது மகன் பிரேசிலில் இருந்தான். இரண்டாம் பெத்ருவாக நெடுங்காலம் ஆண்டது அந்தப் பிள்ளைதான். இந்த நிகழ்வுக்குப் பிறகு 'ஃபீக்கு' என்பது பிரேசிலில் பெயர்ச்சொல்லாகவும் ஆகிவிட்டது, முன்னால் 'உ' போட்டு 'உ ஃபீக்கு' என்கிறார்கள்.

பிரேசில் அர்த்தம் பற்றிக் கேட்டீர்களே. ஆமாம், உண்மைதான், 1980களிலிருந்து இளைஞர் பேச்சில் பரவியது. ஒருவரோடு 'ஃபிக்கார் கோம்' என்றால் முத்தம், நெருக்கம், ஒரு மாலையோ சில வாரமோ சேர்ந்திருப்பது. உறவு என்று பெயர் வைக்காதது. அப்படிப்பட்ட துணைக்கு 'ஃபிக்காந்தி' என்று பெயரே வந்துவிட்டது. அதற்கு மேல்படி 'நமொரார்', அதாவது எல்லாருக்கும் தெரியக் காதலர்களாக இருப்பது. பிறகு நிச்சயம், பிறகு கல்யாணம். நிலைத்து நிற்பதைச் சொல்லும் வினை நிலையில்லாத உறவுக்குப் போனது முரண் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்துக்கு ஒரு கூட்டமாகப் போகிறார்கள், யார் யாரோடு போய் நிற்கிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. போர்ச்சுகலில் இந்தப் பயன்பாடு ஊறியது இல்லை, ஆனால் பிரேசில் தொடர்களும் இணையமும் வந்தபின் எல்லாருக்கும் புரியும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே: பிரேசிலில் ஆள் பெயரோடு 'ஃபிக்கெய் கோம்' என்று இறந்தகாலத்தில் சொல்லும்போது யோசித்துச் சொல்லுங்கள். நேற்று மாலை மரியாவோடு வீட்டில் இருந்தேன் என்று சாதாரணமாகச் சொல்ல நினைத்தால் எஸ்தார் போட்டுவிடுவது நல்லது.

மரபுத்தொடர்களில் இரண்டு மட்டும் சொல்கிறேன். 'ஃபிக்கார் ஆ வேர் நவீயுஷ்', கப்பல்களைப் பார்த்துக்கொண்டே நிற்பது. எதிர்பார்த்தது கிடைக்காமல் ஏமாந்து நிற்பவரைப் பற்றிச் சொல்வது. 1578-இல் இளம் மன்னர் செபஸ்தியாவ் மொராக்கோவில் அல்காசர் கிபிர் போரில் மறைந்துபோனார். அவர் திரும்பி வருவார் என்று லிஸ்பன் மேட்டில் ஏறி மக்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிலிருந்து வந்த தொடர் என்று கதை சொல்வார்கள். தொடரின் பிறப்பு பற்றிய அந்தக் கதை மக்கள் சொல்வதுதான், ஆனால் மன்னர் வருவார் என்ற நம்பிக்கை வரலாற்றில் உண்மை, தலைமுறைகள் தாண்டி நீடித்தது. இன்னொன்று 'ஃபிக்கார் பாரா தீயா'. 'தீயா' என்றால் அத்தை, சித்தி. கல்யாணம் ஆகாமல் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு அத்தையாகவே இருந்துவிட்ட பெண்ணைச் சொல்வது. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். பெண்ணின் வாழ்க்கையை மிச்சமாகப் பார்க்கும் சொல் அது.

ஃபிக்கார் போன தூரத்தையும் சொல்ல வேண்டும். போர்ச்சுகீசியர் கப்பல் போன இடங்களில் உருவான கலப்பு மொழிகளில் இந்த வினை 'ஃபிக்கா' என்று தேய்ந்து நிலைத்திருக்கிறது. கேப் வெர்டே தீவுகளில் உண்டு, மலாக்காவின் கிறிஸ்தாங் மொழியில் உண்டு. நமக்குப் பக்கத்தில், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் பேசிவந்த இலங்கைப் போர்ச்சுகீசியத்தில் உண்டு. இலங்கையில் போர்ச்சுகீசியர் ஆட்சி 1658-இல் முடிந்துவிட்டது, மொழி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசுவோர் நடுவே வாழ்ந்ததால் அந்த மொழியில் வினை நம் வழக்கப்படி வாக்கியக் கடைசிக்கு வந்துவிட்டது. ஆளுக்கேற்ற விகுதிகள் உதிர்ந்துபோய், முன்னால் 'ஜா' போட்டால் இறந்தகாலம், 'தா' போட்டால் நிகழ்காலம், 'லோ' போட்டால் எதிர்காலம். 'ஃபிக்கெய், ஃபிக்கோ' எல்லாம் போய், யாருக்கும் 'ஜா ஃபிக்கா'. நாம் போர்ச்சுகீசியத்திலிருந்து சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று பொருள்களின் பெயரை எடுத்துக்கொண்டோம், வினையைத் தொடவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் போர்ச்சுகீசிய வினையை வைத்துக்கொண்டு நம் வாக்கிய அமைப்பை எடுத்துக்கொண்டார்கள்.

எப்படிப் பழகுவது என்று அடுத்து கேட்பீர்கள். முதலில் மூன்றை மட்டும் வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள்: இடம் கேட்கும் 'ஓந்தி ஃபீக்கா', மாற்றம் சொல்லும் 'ஃபிக்கெய்' கூட ஒரு பெயரடை, கடையில் 'ஃபீக்கு கோம்'. தெருவில் இறங்கினால் நாள் முழுக்க இவை உதவும். அப்புறம் 'செங்', 'பாரா', 'தி' என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். எஸ்தாருக்கும் ஃபிக்காருக்கும் நடுவே தடுமாறும்போது, முன்பு இப்படி இருந்ததா, இப்போதுதான் இப்படி ஆனதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவள் கோபமாக இருந்தாள் என்றால் எஸ்தார், அதைக் கேட்டதும் கோபமாகிவிட்டாள் என்றால் ஃபிக்கார். வானொலியோ பாட்காஸ்ட்டோ கேட்கும்போது 'ஃபிக்கோ' காதில் விழும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன் என்ன நடந்தது என்று வாக்கியத்தில் தேடிப் பாருங்கள்.